தனி ஒருத்தி இரண்டு ஆளாவது எப்படி?

அரசு உதவி பெறுவதற்கான முதல் தகுதி, இரண்டு பேராக இருப்பது. எந்த அரசாணையிலும் இது அச்சில் இருக்காது. ஆனால் ஏதாவது ஓர் அலுவலகத்துப் பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தானே புரிந்துவிடும். ஒருவர் வரிசையில் நிற்க வேண்டும், இன்னொருவர் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் படிவம் நிரப்ப வேண்டும், இன்னொருவர் பிள்ளை பக்கத்து மேசை ரப்பர் ஸ்டாம்பை எடுத்து வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஜெராக்ஸ் கடைக்கு ஓட வேண்டும், இன்னொருவர் "இதோ வந்துட்டாங்க சார், ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் மூடாமல் காவல் காக்க வேண்டும்.

கணவர் இறந்துபோன, பிரிந்துபோன, அல்லது ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோன பெண்களுக்காக இந்தக் கையேடு. பிள்ளைக்கு அறிவுத்திறன் குறைபாடோ, ஆட்டிசமோ, மூளை முடக்குவாதமோ இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அசோக் நகரில் வசிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. மற்ற பேட்டைக்காரர்கள் பஸ் நம்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பாக்களும் படிக்கலாம். ஆனால் உங்களைப் பார்த்ததும் எந்த அலுவலகத்திலும் யாராவது நாற்காலி இழுத்துப் போட்டு, "பாவம், நீங்களே பாத்துக்கறீங்களா சார்?" என்று கண்கலங்குவார்கள் என்பதால் பாதிக் கையேடு உங்களுக்குத் தேவைப்படாது.

ஆள் பிடிப்பது

கீழ்வீட்டு மாமி நல்ல தேர்வு. ஆனால் மாமியின் கருணைக் கையிருப்பு அளவானது. அதைச் சில்லறை வேலைக்கெல்லாம் செலவழித்துவிட்டு, மருத்துவச் சான்றிதழ் நாளன்று "இன்னிக்கு ஏகாதசிடீ" என்று அவர் சொல்லும்போது திண்டாடாதீர்கள். அசோகத் தூண் பக்கம் ஓர் ஆட்டோக்கார அண்ணனைப் பழக்கம் பிடித்துக்கொள்வது நீண்டகால முதலீடு. வெயிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு பிள்ளைக்கு ஹார்ன் அடிக்கக் கற்றுக்கொடுப்பார். அலுவலகம் போனபின் ஆள் வேண்டுமென்றால், வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்கும் பெண்ணைத் திரும்பிப் பாருங்கள். அவரும் தனியாகத்தான் வந்திருப்பார். "அக்கா, இவனைக் கொஞ்சம் புடிச்சிக்கோங்க, நான் உங்க டோக்கனையும் சேர்த்துப் பாக்கறேன்" என்றால் ஒப்பந்தம் முடிந்தது. இந்த நகரத்தில் நலத்துறை இயங்குவது முக்கால்வாசி இந்த ஒப்பந்தத்தில்தான் என்பது என் கணிப்பு.

சட்டப்படி நீங்கள் ஒருவரே போதும். இதை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், சொல்வதற்கு அல்ல, முதுகை நிமிர்த்தி நிற்பதற்கு. 1956-ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டம் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா என்றது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கத் தானே கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தார். அப்பா கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அப்பா செத்த பிறகுதான் அம்மா என்று அதைப் படிக்கக் கூடாது, அப்பா பொறுப்பில் இல்லாதபோதும் அம்மாவே காப்பாளர் என்று 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. தீர்ப்பு டெல்லியிலிருந்து கிளம்பிவிட்டது, கவுன்ட்டருக்கு வந்து சேரும் வழியில் எங்கோ டிராஃபிக்கில் நிற்கிறது.

ஆகவே கவுன்ட்டரில் இப்படித்தான் நடக்கும்.

"அப்பா வரலையாம்மா?"

"இல்ல சார்."

"வெளியூரா?"

"ஆமா சார்."

இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். "வெளியூர்" என்ற பதில் யார் மனதையும் புண்படுத்தாது. உண்மையும்கூட, அவர் எங்கோ ஓர் ஊரில்தானே இருக்கிறார். "பிரிஞ்சிட்டோம் சார்" என்று ஆரம்பித்தீர்களோ, அனுசரித்துப் போவது பற்றி இலவச ஆலோசனை கிடைக்கும். அரசு அலுவலகத்தில் விண்ணப்பமே இல்லாமல் கிடைக்கும் ஒரே உதவி அதுதான்.

பிள்ளையைக் குறைத்துச் சொல்லும் கலை

எல்லாக் கதவுக்கும் சாவி மருத்துவச் சான்றிதழ். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பழைய 1995 சட்டத்தில் இருந்த 7 வகைகளை 21 ஆக்கியது. வகை எதுவானாலும் 40 சதவீதம் என்ற கோட்டைத் தாண்டினால்தான் பெரும்பாலான சலுகைகள். 39 என்றால் உங்கள் பிள்ளை சர்க்கார் கணக்கில் கிட்டத்தட்டச் சௌக்கியம். 2024-இல் திருத்திய விதிகளின்படி அடையாள அட்டைக்கு நிறமும் வந்துவிட்டது: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80 முதல் நீலம். மளிகைக் கடைப் பால் பாக்கெட் மாதிரி நிறத்தைப் பார்த்தே உள்ளே இருப்பதன் கெட்டித்தனத்தைச் சொல்லிவிடலாம்.

கை, கால் என்றால் அசோக் நகர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. அறிவுத்திறன் என்றால் மனநல மருத்துவரும் உளவியலாளரும் பார்க்க வேண்டும். அங்கேதான் இந்தக் கையேட்டின் முக்கியமான பாடம்.

உளவியலாளர் பிள்ளையின் அறிவுத்திறனைச் சோதிப்பார். கூடவே உங்களிடமும் கேள்விகள் கேட்பார். வைன்லேண்ட் அளவுகோல் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வைன்லேண்ட் என்ற ஊரில் இருந்த பயிற்சிப் பள்ளியில் எட்கர் டால் என்ற உளவியலாளர் 1935-இல் உருவாக்கியது. பிறகு மாலின் என்பவர் இந்தியாவுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். சட்டைப் பொத்தானைத் தானே போடுவானா? ஒரு காலுக்கு ஒரு படியாக மாடியிலிருந்து இறங்குவானா? கடைக்குப் போய்ச் சின்னச் சாமான் வாங்கி வருவானா? யாரும் படுக்க வைக்காமல் தானாகப் போய்த் தூங்குவானா? பதில்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் வரும். 55 முதல் 69 வரை என்றால் 50 சதவீதக் குறைபாடு. 36 முதல் 54 என்றால் 75 சதவீதம். 21 முதல் 35 என்றால் 90. அதற்கும் கீழே முழுசாக 100. மறுபக்கம் 70-ஐத் தொட்டுவிட்டால் 25 சதவீதம். வாழ்த்துகள், வீட்டுக்குப் போகலாம்.

இப்போது உங்கள் நிலைமையை யோசியுங்கள். பிறந்ததிலிருந்து இந்தப் பிள்ளையைப் பற்றி ஊரெல்லாம் பெருமை அடித்தே வாழ்ந்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்க, "எல்லாம் பண்ணுவான் மேடம், கொஞ்சம் மெதுவா பண்ணுவான்" என்றீர்கள். வீடு வாடகைக்குக் கேட்கும்போது, "சத்தமே போடமாட்டான் சார்" என்றீர்கள். மாமியாரிடம், நாத்தனாரிடம், கல்யாண வீட்டில் உற்றுப் பார்த்தவர்களிடம், எல்லோரிடமும் முடியும் முடியும் என்றே சொல்லி வந்த வாய். அந்த வாயால் இன்று ஒரு நாள் மட்டும் முடியாது என்று சொல்ல வேண்டும். அதுவும் அவன் முன்னாலேயே. அவனுக்குப் புரியாது என்று பக்கத்தில் இருப்பவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அவனுக்கு எது புரியும், எது புரியாது என்பது உங்களுக்கும் அவனுக்கும்தான் தெரியும்.

பிள்ளை அன்றைக்கென்று உங்களைக் காட்டிக்கொடுக்கும். வீட்டில் ஒருநாளும் வராத வணக்கம் டாக்டரைப் பார்த்ததும் வரும். பல மாதம் கற்றுக்கொடுத்து போன வாரம்தான் பிடிபட்ட பொத்தானை, கேட்பதற்கு முன்பே போட்டுக் காட்டும். அவிழ்த்துவிட்டு மறுபடியும் போட்டுக் காட்டும். கைதட்ட வேண்டும் போல் உங்களுக்குக் கை துறுதுறுக்கும். அந்தப் பொத்தான் ஒன்றே மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகைக்கு உலை வைக்கலாம் என்பதால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. பொய் தேவையும் இல்லை. "போடுவான்" என்று நிறுத்தாதீர்கள். "நான் பக்கத்தில் நின்னு, முதல் பொத்தானை நான் போட்டு, மூணு தடவை சொன்னா, நல்ல மூட்ல இருந்தா போடுவான்" என்று வாக்கியத்தை முடியுங்கள். இந்தக் கையேட்டில் கிண்டல் இல்லாத ஒரே அறிவுரை இதுதான், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் உதவி அவனுடைய திறமைக்குள் ஒளிந்திருக்கிறது. பதினைந்து வருடமாக அதைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்தே பழகிவிட்டதால், கேட்டால் உங்களுக்கே ஞாபகம் வராது.

பிரிட்டனிலும் இதே கதைதான். அங்கே குழந்தைகளுக்கான உதவிப் படிவம் நிரப்பும் பெற்றோருக்குத் தொண்டு அமைப்புகள் சொல்லும் முதல் ஆலோசனை, நல்ல நாளை எழுதாதீர்கள், மோசமான நாளை எழுதுங்கள் என்பது. ஆனால் ஒன்று: வாரத்துக்கு 35 மணி நேரமாவது பராமரிப்பவருக்கு அங்கே தனியாக ஒரு படி உண்டு. வேலை பார்த்து அரசு வைத்த உச்சவரம்புக்கு ஒரு பவுண்டு கூடுதலாகச் சம்பாதித்தாலும் அந்த வாரப் படி முழுசாகப் போய்விடும். தெரியாமல் வாங்கியவர்களிடம் ஆயிரக்கணக்கில் திருப்பிக் கேட்டு அங்கே பெரிய ரகளையே ஆனது. பணக்கார நாட்டில் இருந்தால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம், குடைச்சல் மட்டும் கொஞ்சம் பணக்காரக் குடைச்சல்.

சான்றிதழ் கைக்கு வந்தபின் ஒருமுறை முழுசாகப் படியுங்கள். அறிவுத்திறன் குறைபாடு என்றால் சின்ன வயதில் தருவது தற்காலிகம்தான். 5 வயதில், 10 வயதில், 18 வயதில் என்று திரும்பத் திரும்பப் பார்த்து, 18-இல்தான் ஆயுளுக்கும் செல்லும் சான்றிதழ் என்பது வழிகாட்டு நெறி. குழந்தைகள் மாறுவார்கள், ஆரம்பத்திலேயே பயிற்சி கொடுத்தால் முன்னேறுவார்கள், ஆகவே மறுபடி அளப்பது நியாயம்தான். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு மட்டும் இதில் ஒரு கூடுதல் சுவாரசியம்: ஒவ்வொரு தடவையும், 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருந்ததே, போன வருடம் ஏதாவது ஒன்று கழன்று விழுந்திருக்குமோ என்ற எதிர்பார்ப்போடு போய் உட்காரலாம்.

ஆதாருக்கும் இதேபோல் 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்க வேண்டும். கருவிழிப் படம் எடுக்கும் இயந்திரத்தை நேராகப் பார்க்க வேண்டும். யார் கண்ணையும் நேராகப் பார்க்காத பிள்ளை என்று சான்றிதழே வாங்கி வைத்திருக்கும் பிள்ளையை எப்படிப் பார்க்க வைப்பது? பக்கத்தில் இன்னொருவர் நின்று போனில் பாட்டுப் போட்டால் சரியாக வரும். இன்னொருவருக்கு எங்கே போவது என்பதற்கு மேலே பார்க்கவும்.

இல்லாத ஆளை நிரூபிப்பது

ஒருவர் இருக்கிறார் என்று நிரூபிப்பது சுலபம், ஆதார் போதும். ஒருவர் இல்லை என்று நிரூபிக்கத்தான் ஏராளமான தாள் வேண்டும்.

கணவர் இறந்திருந்தால் காகித உலகில் நீங்கள் கொடுத்து வைத்தவர். இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. மேலே போக வாரிசுச் சான்றிதழ், ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் என்று பாதை போடப்பட்டிருக்கிறது. விவாகரத்து ஆகியிருந்தால் தீர்ப்பு நகல் இருக்கிறது. நடுவில் அல்லாடுவது மூன்றாவது ரகம்: ஒருநாள் காலையில் வேலைக்குப் போகிறேன் என்று போனவர்களின் மனைவிகள். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம் இருக்கிறது. 2023-இல்தான் 1,000-லிருந்து உயர்ந்தது. வாங்க வேண்டுமென்றால் உங்களுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டப்படி பிரிந்ததற்கு நீதிமன்றத் தாள் வேண்டும், இல்லையென்றால் கைவிடப்பட்டு 5 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும்.

ஆகவே கைவிடப்படும்போது தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் 25 வயதில் கைவிடப்படுவது உத்தமம். இரண்டு நிபந்தனையும் ஒரே நாளில் நிறைவேறும். நான்காம் வருடம் தீபாவளிக்கு அவர் ஒரு பட்டாசுப் பெட்டியோடு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனால், அது உங்கள் கணக்கைக் கெடுத்துவிடும். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விசாரணைக்கு அலுவலர் வருவார். அக்கம்பக்கத்தில் கேட்பார். உங்கள் கணவர் போன கதை தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர் முதல் மூன்றாவது மாடி ரிட்டயர்டு சார் வரை மனப்பாடம். யாரோடு போனார் என்பது வரை உங்களைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். ஆனால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றால் "நமக்கெதுக்கும்மா குடும்ப விவகாரம்" என்பார்கள். சாட்சிக்கு ஆள் வேண்டுமென்றால் பூக்கார அம்மாவைக் கேளுங்கள். எந்தத் தாளுக்கும் பயப்படாத ஒரே ஜாதி அவர்கள்.

ரேஷன் அட்டையில் அவர் பெயரை நீக்கப் பார்க்கலாம். அவர் வேறு அட்டையில் சேர வேண்டும், அல்லது அதற்கும் ஒரு சான்று. பல வீடுகளில் போனவர் போய்ப் பல வருடம் ஆகியும் அட்டையில் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறார். பொங்கலுக்கு வேட்டிகூட வாங்கியிருக்கிறார்.

பணம்

இனி, வரப்போகும் செல்வத்தைப் பார்ப்போம். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அறிவுத்திறன் குறைபாடு என்றால் 40 சதவீதம் போதும். கை, கால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 75 வேண்டும். வருவாய்த்துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு, அது 2023 ஜனவரி முதல் 1,500. இரண்டு துறையிலும் ஒரே சமயம் வாங்க முடியாது. எதற்கு விண்ணப்பித்தோம் என்று மறந்துபோய் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதும் பணம் வந்துவிட்டது என்பதும் இரண்டு தனித்தனிச் செய்திகள். நடுவில் இருக்கும் காலத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் என்று பெயர்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. பிள்ளைக்குப் பராமரிப்புத் தொகை வருகிறது என்பதற்காக உங்களுக்கு இது மறுக்கப்படாது. இந்த ஒரு சலுகையை யோசித்துப் போட்ட அதிகாரி யாரோ, அவர் வீட்டில் யாரோ ஒரு பெண்மணி உரக்கப் பேசியிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. சத்தம் ஆகாமல் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு அக்கினி நட்சத்திரத்தில் ஏசி போட்டால்தான் தூங்கும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளையிடம் யூனிட் கணக்கைப் பொறுமையாக விளக்கிச் சொல்லுங்கள்.

பராமரிப்புத் தொகை தொடர்ந்து வர, பிள்ளை உயிரோடு இருப்பதாக ஆண்டுக்கு ஒருமுறை வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது பிள்ளையையும் கூட்டிப் போங்கள். ரப்பர் ஸ்டாம்பை எடுக்கட்டும். அதைவிட உறுதியான சான்று வேறென்ன?

கூட்டிப் பாருங்கள். பராமரிப்புத் தொகையும் உரிமைத் தொகையும் கூடி வந்தால் மாதம் 3,000. தனியார் மையத்தில் பேச்சுப் பயிற்சி ஒரு அமர்வு ஐந்நூறுக்குக் குறைந்து கிடைப்பது அரிது. வாரத்துக்கு இரண்டு என்று போனால் மாதக் கடைசி வாரம் பிள்ளை பேசாமல் இருக்க வேண்டியதுதான். பேரைச் சொல்வதானால் தி.நகர் ஜி.என். செட்டி சாலையில் மதுரம் நாராயணன் மையம், கோட்டூர்புரத்தில் வித்யா சாகர் என்று நல்ல இடங்கள் இந்தப் பக்கம் இருக்கின்றன. வித்யா சாகரை 1985-இல் தொடங்கிய பூனம் நடராஜன் தாமே மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு அம்மா. பின்னாளில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தார். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் மருந்து, தெரபி, பரிசோதனை என்று ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பில்லை அனுப்பித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதாவது கையில் பணம் இருந்தால்தான் பணம் இல்லாதவர்களுக்கான உதவி கிடைக்கும்.

மாதச் சம்பளக்காரர் என்றால் வருமான வரியில் 80டிடி பிரிவு இருக்கிறது. 75,000 ரூபாய் கழிவு, கடுமையான குறைபாடு என்றால் 1,25,000. பழைய வரிமுறையில் மட்டும். புதிய முறையில் கிடையாது. இப்போது நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் உங்களைப் போடுவது புதிய முறையில்தான். ஒன்றும் சொல்லாமல் இருக்கப் பழகியவர்களுக்கு இதில் நஷ்டம்.

விடுப்பு பற்றி ஒரு வரி. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குப் பிள்ளை பராமரிப்பு விடுப்பு 730 நாள் உண்டு. இமாசலப் பிரதேசத்துக் கல்லூரி ஆசிரியை ஒருவர், எலும்பு நொறுங்கும் நோய் உள்ள மகனுக்காகப் போராடி, மாநில அரசும் இதை மறுக்க முடியாது என்ற நிலைக்கு 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தைக் கொண்டுவந்தார். தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு: காய்ச்சல் என்று சொல்லுங்கள்.

பயணம்

மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டியில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு இலவசம். அதே ஆண்டு மாற்றுத்திறனாளிக்கும் அவரோடு வரும் துணையாளுக்கும் இலவசமானது. ஆக, நீங்கள் பெண் என்பதாலும் இலவசம், துணையாள் என்பதாலும் இலவசம். தமிழக அரசின் கணக்கில் நீங்கள் இரண்டு ஆளாக இருக்கும் இடம் இது ஒன்றுதான். அனுபவியுங்கள். சக்கர நாற்காலி என்றால் 2024 ஆகஸ்டிலிருந்து ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்து வர வேண்டும். மாற்றுத்திறனாளிகள் வருடக்கணக்கில் வழக்காடி வாங்கிய வண்டி அது, நின்று ஏறுங்கள். நூறடி ரோட்டில் அசோக் நகர் மெட்ரோவில் லிஃப்ட் உண்டு.

கலெக்டர் ஆபீஸ் ராஜாஜி சாலையில். மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரையில் இறங்கலாம். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்பதால் அன்றைக்குக் கூட்டம் அதிகம். ஆனால் அன்றைக்குத்தான் மனுவுக்கு எண் போட்டுத் தருவார்கள். எண் இல்லாத மனு மனுவே அல்ல. வெளியூர் ரயிலில் துணையாளோடு மட்டுமே பயணம் செய்ய முடிகிற அறிவுத்திறன் குறைபாடு உள்ளவருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணத்தில் 75 சதவீதம் கழிவு, துணையாளுக்கும் அதே கழிவு. எங்கே போவது என்று மட்டும் ரயில்வே சொல்லவில்லை. சொந்த ஊருக்குப் போனால் கேள்வி கேட்பார்கள், திருப்பதிக்குப் போனால் அங்கேயும் க்யூ.

பதினெட்டு

பிள்ளைக்கு 18 வயது ஆகும் அன்று கேக் வெட்டுங்கள், மறுநாள் காலை வங்கிக்குப் போங்கள். நேற்று வரை உங்கள் கையெழுத்தில் ஓடிய கணக்கு இன்று நின்றிருக்கும். சட்டத்தின் கண்ணில் அவன் ஓர் ஆண்மகன். நீங்கள் யாரோ ஒரு பெண்மணி. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், சேருங்கள், அது அவன் உரிமை. தேர்தலில் நாட்டை யார் ஆளுவது என்று முடிவு செய்வான். பாஸ்புக்கில் என்ட்ரி போட மட்டும் அவனுக்கு ஒரு காப்பாளர் தேவைப்படும்.

கீதா ஹரிஹரன் தீர்ப்பு வந்த அதே 1999-இன் கடைசி நாட்களில்தான் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நான்குக்கும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டபூர்வக் காப்பாளரை நியமிக்கும். அம்மா, அப்பா இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் மட்டும் விண்ணப்பிக்க ஐந்து சந்தர்ப்பம் உண்டு: மற்றவர் இறந்திருக்கலாம், விவாகரத்தாகியிருக்கலாம், சட்டப்படி பிரிந்திருக்கலாம், கைவிட்டுப் போயிருக்கலாம், அல்லது குற்றம் நிரூபணமாகித் தண்டனை பெற்றிருக்கலாம். ஜெயிலுக்குப் போனவரின் மனைவிக்குத்தான் இதிலும் வசதி, தீர்ப்பு நகல் தயாராக இருக்கும். உங்களிடம் பூக்கார அம்மாவின் கைநாட்டு இருக்கிறது.

படிவத்தை நிரப்பும்போது உங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அண்ணன் பெயரை எழுதலாமா என்று யோசிப்பீர்கள். அண்ணன் சரி என்பார், அண்ணி சமையலறையிலிருந்து பாத்திரம் வைக்கும் சத்தம் வேறு மாதிரி இருக்கும். தங்கை பெங்களூரில் இருக்கிறாள். ஆட்டோக்கார அண்ணனுக்கு வயதாகிவிட்டது. இதற்கு மட்டும் கையேட்டில் வழிமுறை இல்லை. தெரிந்தவர்கள் யாரும் இன்னும் எழுதவில்லை.

கடைசியில் ஒருநாள் ஆணை வரும். இத்தனை வருடம் வளர்த்த உங்களையே அந்தப் பிள்ளைக்குக் காப்பாளராக நியமித்து, முத்திரையோடு. சந்தோஷத்தில் நேராகக் கடைக்குப் போய் லேமினேட் செய்துவிடாதீர்கள். அடுத்த அலுவலகத்தில் அதன் பின்பக்கத்தில்தான் கையெழுத்துப் போடுவார்கள்.